திருப்பாடல் 22: புலம்பல் பாடல் இறைவாக்காக வாசிக்கப்பட்ட வரலாறு

திருப்பாடல் 22 என்பது விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் திருப்பாடல்கள் நூலில் அமைந்துள்ள ஒரு புலம்பல் பாடல் ஆகும். தமிழ்க் கத்தோலிக்கர் திருப்பாடல் என்று அழைப்பதைச் சீர்திருத்தச் சபையினர் சங்கீதம் என்பர். கிரேக்க, இலத்தீன் மரபு எண்ணிக்கையில் இது 21 ஆம் பாடல். எபிரேயப் பதிப்புகளில் பாடலின் தலைப்பும் ஒரு வசனமாக எண்ணப்படுவதால் அங்கு வசன எண்கள் ஒன்று கூடுதலாக இருக்கும். இக்கட்டுரை தமிழ் விவிலிய எண்ணிக்கையைப் பின்பற்றுகிறது.

இயேசுவின் சிலுவைச் சாவை முன்னறிவித்த பாடலாகக் கிறித்தவ இறையியல் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இதனைக் கருதி வருகிறது. ஆயினும் பாடலில் 'மெசியா' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வரவிருக்கும் ஒருவரைப் பற்றிய அறிவிப்பும் இல்லை. துன்பப்படும் ஒருவர், 'நான்' என்று தன்னைக் குறித்தே பேசி இறைவனிடம் முறையிடுகிறார், அவ்வளவுதான். ஒரு மனிதரின் வேண்டுதல் எவ்வாறு இறைவாக்காக மாறியது என்பதும், அந்த மாற்றத்தில் கவிதையின் இயல்பு என்ன பங்கு வகித்தது என்பதும் விவிலிய விளக்கவியலின் முக்கியமான கேள்விகள்.

பாடலின் அமைப்பு

பாடல் 31 வசனங்களைக் கொண்டது. தலைப்பு இதனைத் தாவீதின் பாடல் என்றும், 'வைகறைப் பெண்மான்' என்ற பொருள் தரும் ஒரு மெட்டில் பாடப்பட வேண்டியது என்றும் குறிப்பதாகப் பெரும்பாலான அறிஞர் கொள்வர். முதல் 21 வசனங்கள் முறையீடு. இறைவன் தன்னைக் கைவிட்டது ஏன் என்ற கேள்வியுடன் பாடல் தொடங்குகிறது. பின்பு பகைவரின் ஏளனம், தலையசைப்பு, உடலின் சோர்வு, வறண்ட நா, எண்ணத்தக்க அளவுக்குத் துருத்திய எலும்புகள், பறிபோகும் ஆடைகள் என்று துன்பம் அடுக்கப்படுகிறது. பகைவர் மனிதராகவே தோன்றுவதில்லை. பாசான் நாட்டுக் காளைகள், சிங்கம், நாய்கள், காட்டெருமை என விலங்குகளாகவே வருகின்றனர்.

22 ஆம் வசனத்தில் குரல் திடீரென்று மாறுகிறது. முறையிட்டவர் இப்போது சபை நடுவே நின்று இறைவனைப் புகழ்கிறார். புகழ்ச்சி விரிந்து உலகின் கடைக்கோடி நாடுகளையும் இன்னும் பிறவாத தலைமுறையையும் தொடுகிறது. இம்மாற்றத்துக்கான காரணத்தைப் பாடல் சொல்வதில்லை. ஹெர்மான் குங்கெல் (1862–1932) திருப்பாடல்களை வகைப்படுத்தியபோது, முறையீட்டில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடியும் இத்தகைய பாடல்கள் பல இருப்பதைக் காட்டி, அவற்றைத் 'தனிமனிதப் புலம்பல்' என்ற வகையில் சேர்த்தார். அவ்வகைப்படி பார்த்தால், நோயிலோ பகையிலோ சிக்கிய எவரும் கோவிலில் சொல்லத்தக்க பொது வேண்டுதல் இது.

மெசியா எதிர்பார்ப்பும் பாடல்களும்

'மெசியா' என்பதற்குத் திருப்பொழிவு பெற்றவர் என்பது பொருள். அதன் கிரேக்க வடிவமே 'கிறிஸ்து'. பண்டைய இஸ்ரயேலில் அரசருக்கு எண்ணெய் பூசிப் பதவி அளித்தனர். ஆகவே திருப்பாடல்கள் 2, 45, 72, 110 போன்றவை முதலில் அரியணையில் இருந்த அரசரைப் பாடியவை என்று பெரும்பாலான ஆய்வாளர் கருதுகின்றனர். கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்தபின் தாவீதின் வழியில் அரசர் ஆளவில்லை. பாடல்கள் மட்டும் நின்றுவிடவில்லை. பாடப்படும் அரசர் இல்லாத நிலையில், அச்சொற்கள் வரவேண்டிய ஓர் அரசரை நோக்கித் திரும்பின.

திருப்பாடல் 22 அரசர் பாடல் வரிசையைச் சேர்ந்தது அன்று. அதனை மெசியாவோடு இணைத்த பாலம் தலைப்பிலுள்ள தாவீதின் பெயரே. தாவீது இறைவாக்கினரும் ஆவார் என்ற எண்ணம் கிறித்தவர் உருவாக்கியதன்று. கும்ரான் பதினோராம் குகையில் 1956 இல் கிடைத்த பெரிய திருப்பாடல் சுருள், தாவீது மொத்தம் 4,050 பாடல்களை இயற்றினார் என்றும், அவை அனைத்தும் இறைவாக்கு அருளால் உரைக்கப்பட்டவை என்றும் கூறுகிறது. திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரத்தில் பேதுரு தாவீதை இறைவாக்கினர் என்று அழைக்கும்போது, அக்கால யூதர் அறிந்த ஒரு கருத்திலிருந்தே பேசுகிறார்.

கிறித்தவர் புதிதாகச் செய்தது வேறு. சிலுவையில் அறையப்பட்டு இறந்த ஒருவரை மெசியா என்று அறிவிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு. வெற்றி வீரராக வரும் அரசரைப் பற்றிய பாடல்கள் அதற்கு உதவவில்லை. கிறிஸ்து மறைநூலில் எழுதியுள்ளவாறு இறந்தார் என்னும் அறிக்கையைக் கி.பி. 50களில் எழுதிய கொரிந்தியர் முதல் திருமுகத்தில் பவுல் ஏற்கெனவே மரபாகப் பெற்றதாகக் குறிப்பிடுகிறார். எந்த மறைநூல் பகுதி என்று அவர் சொல்லவில்லை. அவ்விடத்தை நிரப்ப எசாயா 53 உடன் திருப்பாடல் 22 உம் வந்து சேர்ந்தது.

நற்செய்திகளில் பாடல்

மாற்கு நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரம் பாடலைப் பெயர் சொல்லாமலேயே பயன்படுத்துகிறது. படைவீரர் ஆடைகளைப் பங்கிடுவதில் பாடலின் 18 ஆம் வசனமும், வழிப்போக்கர் தலையசைத்துப் பழிப்பதில் 7 ஆம் வசனமும், இயேசுவின் கடைசிக் கூக்குரலில் முதல் வசனமும் ஒலிக்கின்றன. பாடல் இங்குப் பின்னோக்கி நடக்கிறது. பாடலில் கைவிடப்பட்ட குரல் புகழ்ச்சியை நோக்கிச் செல்ல, மாற்குவில் அது கைவிடப்பட்ட நிலையில் வந்து நிற்கிறது. மத்தேயு எள்ளி நகையாடுவோரின் வாயில் 8 ஆம் வசனத்தின் கருத்தையும் சேர்க்கிறார். லூக்காவில் இக்கூக்குரல் இல்லை. அங்கு இறக்கும் இயேசு, நம்பிக்கை தொனிக்கும் திருப்பாடல் 31 இன் சொற்களைச் சொல்கிறார்.

இயேசு முதல் வசனத்தைச் சொன்னது முழுப் பாடலையும் மனத்தில் கொண்டுதானா என்பது நெடுநாளைய விவாதம். பாடல்களை முதலடியால் சுட்டும் வழக்கம் இருந்தது, எனவே முடிவிலுள்ள வெற்றியும் அதில் அடங்கும் என்பர் ஒரு சாரார். இது ஆறுதலான விளக்கம்தான். ஆனால் மாற்குவின் கதைப்போக்கு அதற்கு இடம் தருவதாகத் தெரியவில்லை. சுற்றி நின்றோர் அக்குரலை எலியாவை அழைப்பதாகத் தவறாகப் புரிந்துகொள்கின்றனர், இன்னொரு பெருங்கூச்சலுடன் உயிர் பிரிகிறது. இறையியலாளர் யூர்கன் மோல்ட்மான் 1972 இல் வெளியிட்ட 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்னும் நூல், இக்கூக்குரலை எவ்விதத்திலும் மென்மையாக்காமல் அதையே இறையியலின் தொடக்கமாகக் கொண்டது.

ஆடைகளும் சீட்டும்

எபிரேயக் கவிதையின் அடிப்படை இயல்பு, ஒரு கருத்தை அடுத்தடுத்த இரு அடிகளில் வேறு சொற்களால் கூறுவது. இதனை இணையடி முறை எனலாம். 1753 இல், பின்னர் ஆயரான ஆங்கிலேயர் ராபர்ட் லோத் எபிரேயத் திருக்கவிதை பற்றிய தம் இலத்தீன் சொற்பொழிவு நூலில் இம்முறையை விரிவாக ஆராய்ந்தார். திருப்பாடல் 22:18 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதல் அடியில் ஆடைகள் பங்கிடப்படுகின்றன, அடுத்த அடியில் உடைக்காகச் சீட்டுப் போடப்படுகிறது. கவிதை மரபின்படி இரண்டும் ஒரே நிகழ்ச்சி.

யோவான் நற்செய்தி 19:23–24 இதனை இரண்டு நிகழ்ச்சிகளாகக் காட்டுகிறது. படைவீரர் மேலாடைகளை நான்கு பங்காக்கி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்கின்றனர். தையலின்றி மேலிருந்து கீழ்வரை ஒரே துணியாக நெய்யப்பட்ட உள்ளாடைக்கு மட்டும் தனியே சீட்டுப் போடுகின்றனர். இப்படி மறைநூல் நிறைவேறியது என்று யோவான் வெளிப்படையாகவே எழுதுகிறார். இதற்கு நிகரான இன்னோர் இடம் மத்தேயு 21. செக்கரியா 9:9 இல் கழுதை, கழுதைக்குட்டி என இரு அடிகளில் வருவது ஒரே விலங்கு. மாற்குவில் இயேசு ஒரு குட்டியில்தான் ஏறுகிறார். மத்தேயுவிலோ தாயும் குட்டியுமாக இரண்டு விலங்குகள் கொண்டுவரப்படுகின்றன.

இவற்றை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் சரியன்று. மறைநூலில் வீண்சொல் இல்லை, ஒவ்வொரு சொல்லும் தனிப்பொருள் தரும் என்பது பண்டைய யூத விளக்க மரபின் கொள்கை. ரபிமாரின் உரைகளில் இணையடிகள் இவ்வாறே பிரித்துப் பொருள் கொள்ளப்படுகின்றன. ஜேம்ஸ் கூகல் 1981 இல் வெளியிட்ட 'விவிலியக் கவிதை என்னும் எண்ணம்' என்ற நூலில் இதனை விளக்கியுள்ளார். நற்செய்தியாளர் தம் காலத்து யூத வாசகரைப் போலவே வாசித்தனர். கவிதையை இறைவாக்காக வாசிக்கும்போது, ஒரே கருத்தின் இரு நிழல்கள் இரு தனி உண்மைகளாகப் பிரிந்து விடுகின்றன.

ஒரு சொல்லின் பாடபேதம்

16 ஆம் வசனத்தின் இறுதிப் பகுதி பெரிய சர்ச்சைக்கு உள்ளானது. யூதர் பாதுகாத்த மசோரெட்டியப் பாடத்தில் அங்குள்ள சொல் 'காஅரி', அதாவது 'சிங்கத்தைப் போல'. அப்படியானால் அவ்வடியில் வினைச்சொல்லே இல்லை. சிங்கத்தைப் போல என் கைகளும் கால்களும் என்று வாக்கியம் பாதியில் நிற்கிறது. எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் 'தோண்டினர்' என்னும் வினை உள்ளது. சிரியாக் மொழிபெயர்ப்பு குத்தித் துளைத்தனர் என்ற பொருள் தருகிறது. யூதருக்காகக் கிரேக்கத்தில் மறுபடி மொழிபெயர்த்த அக்குவிலாவின் திருத்திய பதிப்பும் சிம்மாக்குவின் மொழிபெயர்ப்பும் கட்டுதல் என்ற பொருளை நாடுகின்றன.

பேதத்தின் மூலம் ஓர் எழுத்து. எபிரேய எழுத்துகளான யோத், வாவ் இரண்டும் கையெழுத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும், கோடு சற்று நீண்டால் யோத் வாவ் ஆகிவிடும். சாக்கடலின் மேற்கே நஹால் ஹெவர் பகுதியில் கிடைத்த, கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த சுருள் துண்டில் அச்சொல் 'காஅரு' என்று முடிவதாகப் படிக்கப்படுகிறது. அது சிங்கம் அன்று, ஒரு வினைச்சொல். எனினும் இதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. 'காஅரு' என்ற வடிவில் வேறெங்கும் ஒரு வினை காணப்படவில்லை. தோண்டுதலைக் குறிக்கும் வினையில் நடுவே அலெஃப் எழுத்து வராது. அதே துண்டில் அடுத்த சொல்லிலேயே எழுத்தர் 'என் கைகள்' என்பதற்குப் பதிலாக 'அவள் கைகள்' என்று எழுதியிருக்கிறார். இன்றைய மொழிபெயர்ப்புகளும் ஒன்றுபடவில்லை. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு குத்துதல் என்ற பொருளையே தருகிறது. 1985 இல் வந்த ஆங்கில யூத மொழிபெயர்ப்பு சிங்கத்தை வைத்துக்கொள்கிறது. 1989 இன் புதிய திருத்திய தர ஆங்கில மொழிபெயர்ப்பு கைகால்கள் வற்றிச் சுருங்கியதாகக் கூறுகிறது.

கிறித்தவ எழுத்தாளர் சிலர் யூதர் வேண்டுமென்றே பாடத்தைத் திரித்ததாகக் குற்றம் சாட்டினர். யூதர் பக்கமிருந்து அதே குற்றச்சாட்டு கிறித்தவர் மீது எழுந்தது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு கிறித்தவத்துக்கு முந்தியது என்பதால் அதிலுள்ள வினை கிறித்தவர் நுழைத்தது என்பது நிற்காது. ஓர் எழுத்தின் நீளம் போதிய விளக்கம் தரும்போது திரித்தல் தேவையும் இல்லை. இவ்விவாதத்தில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு: புதிய ஏற்பாடு இவ்வரியை ஓரிடத்திலும் மேற்கோள் காட்டவில்லை. இயேசுவின் உடல் குத்தப்பட்டதைச் சொல்ல யோவான் நாடியது செக்கரியா 12:10 ஐ. ஆணிகளோடு இவ்வரியை இணைத்து வாதத்தின் மையமாக்கியவர்களில் முதன்மையானவர் இரண்டாம் நூற்றாண்டின் ஜஸ்டின். 'திரிஃபோவுடன் உரையாடல்' என்னும் நூலில் அவர் இப்பாடலை வரிவரியாக விளக்கி, உயிரோடு கைகால்கள் துளைக்கப்பட்ட வேறோர் அரசர் யூதரில் இல்லை என்று வாதிட்டார்.

யார் கூற்று

சங்க அகப்பாடல்களில் பேசுபவர் பெயரைப் புலவர் சொல்வதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று என்ற குறிப்புகள் பின்னர் சேர்க்கப்பட்டவை, குறிப்பு மாறினால் பாடலின் பொருளும் மாறும். திருப்பாடல்களை அணுகிய திருச்சபைத் தந்தையர் எழுப்பியதும் இதே கேள்விதான்: இங்கே பேசும் 'நான்' யார்? ஆவியார் சில இடங்களில் தந்தையின் குரலிலும், சில இடங்களில் கிறிஸ்துவின் குரலிலும், சில இடங்களில் மக்களின் குரலிலும் பேசுகிறார் என்று ஜஸ்டின் தம் முதல் தற்காப்பு நூலில் விதி வகுத்தார்.

இப்பாடலில் அவ்விதிக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. எபிரேய மூலத்தின் முதல் வசனம் முறையிடுபவரின் கதறலைக் குறிக்கிறது. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அது 'என் குற்றங்களின் சொற்கள்' என்றாகிவிட்டது. எபிரேயத்தில் இரண்டு எழுத்துகள் இடம் மாறிப் படிக்கப்பட்டதால் நேர்ந்த விளைவு இது. பாவமற்றவராகிய கிறிஸ்து தம் குற்றங்களைப் பற்றி எப்படிப் பேசுவார்? மொப்சுவெஸ்தியா நகர ஆயர் தியோடோர் (சுமார் 350–428) பேசமாட்டார் என்றே முடிவு செய்தார். இப்பாடல் அப்சலோமிடமிருந்து தப்பி ஓடிய தாவீதுடையது, நற்செய்தியாளர் அதன் சொற்களைக் கிறிஸ்துவின் நிலைக்குப் பொருத்திக்கொண்டனர் என்பது அவர் விளக்கம். நேரடியாக மெசியாவைப் பாடுபவை என்று அவர் ஏற்றவை 2, 8, 45, 110 ஆகிய நான்கு மட்டுமே. அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 553 இல் கூடிய இரண்டாம் கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கம் அவரையும் அவர் நூல்களையும் கண்டனம் செய்தது. கிறிஸ்துவின் இயல்பு பற்றிய கருத்துகளே முதன்மைக் காரணம் என்றாலும், சான்றாக முன்வைக்கப்பட்ட பகுதிகளில் இப்பாடலின் விளக்கமும் இருந்தது. ஒரு பாடலைக் கவிஞரின் காலச் சூழலில் வைத்து வாசிப்பதே ஐயத்துக்குரியதாக அதன்பின் நெடுங்காலம் கருதப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனா திருப்பாடல் உரை எழுதியபோதும் தியோடோரின் கண்டனத்தை நினைவூட்டினார்.

அகுஸ்தீன் (354–430) அதே முட்டுக்கட்டையை வேறு வழியில் தாண்டினார். கிறிஸ்து தலை, திருச்சபை அவரது உடல். தலை பேசும்போது உடலின் சொற்களையும் பேசுகிறது. ஆகவே குற்றங்கள் நம்முடையவை, குரல் அவருடையது. இலத்தீன் மொழிபெயர்ப்பின் ஒரு பிழையிலிருந்து வளமான ஓர் இறையியல் கருத்து வலுப்பெற்றது இங்கு நடந்தது. பாடலின் பிற்பகுதியையும் அகுஸ்தீன் விடவில்லை. உலகின் கடைக்கோடிகள் எல்லாம் இறைவனிடம் திரும்பும் என்ற பகுதியைக் கொண்டு, உண்மைத் திருச்சபை ஆப்பிரிக்காவில் தங்களிடமே உள்ளது என்ற தோனாத்தியரை மறுத்தார்.

யூத வாசிப்புகள்

யூத மரபில் இப்பாடலுக்கு ஒரே விளக்கம் இருந்ததில்லை. பாபிலோனியத் தால்முதின் மெகில்லா பகுதி, அழைக்கப்படாமல் அரசர் முன் செல்லும் எஸ்தரின் வாயில் முதல் வசனத்தை வைக்கிறது. ராஷி (1040–1105) நாடுகடத்தப்படவிருந்த இஸ்ரயேல் மக்கள் அனைவருக்காகவும் தாவீது சொன்ன வேண்டுதலாக இதனைக் கொண்டார். பெசிக்தா ரப்பாத்தி என்னும் தொகுப்பு துன்புறும் மெசியாவாகிய எப்ராயிமுக்கு இப்பாடலின் வரிகளைப் பொருத்துகிறது. ஆகவே மெசியாவைக் குறித்த வாசிப்பு கிறித்தவருக்கு மட்டுமே உரியது என்றோ யூதருக்கு முற்றிலும் அயலானது என்றோ சொல்ல இயலாது.

கிறித்தவ வாசிப்பின் இருண்ட பக்கம் யூதர் மீது விழுந்தது. பாடலில் பேசுபவர் கிறிஸ்து என்றால், சூழ்ந்து நிற்கும் நாய்கள் யார் என்ற கேள்வி வருகிறது. இடைக்கால உரைகள் பலவும் யூதரைச் சுட்டின. பாடலின் உருவகம் நிகழ்ச்சி விவரமாகவும் மாறியது. எலும்புகளை எண்ணலாம் என்ற வரியிலிருந்து, முன்கூட்டியே துளையிட்ட சிலுவைக்குப் பொருந்துமாறு கிறிஸ்துவின் கைகால்களைக் கயிறு கட்டி இழுத்தனர் என்ற கதை உருவாகி நாடகங்களிலும் ஓவியங்களிலும் இடம்பெற்றது. நற்செய்திகளில் இக்கயிறு இல்லை. பிற்கால இடைக்காலத்து வட ஐரோப்பிய ஓவியங்களில் துன்புறுத்துவோர் நாயும் காளையுமாகச் சித்திரிக்கப்பட்டதைக் கலை வரலாற்றறிஞர் ஜேம்ஸ் மாரோ 1970களில் இப்பாடலோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தார்.

நிகழ்ந்ததா, பாடலிலிருந்து வந்ததா

இடைக்காலக் கயிறு எழுப்பும் ஐயம் நற்செய்திகளுக்கும் நீள்கிறது. ஆடைகள் பங்கிடப்பட்டது நினைவில் இருந்ததால் பாடல் நினைவுக்கு வந்ததா, அல்லது பாடலில் இருந்ததால் ஆடைகள் பங்கிடப்பட்டதாக எழுதப்பட்டதா? ஜான் டொமினிக் கிராசன் பாடுகளின் வரலாற்றில் பெரும்பகுதியை இறைவாக்கு வரலாறாக மாற்றப்பட்டதாகவே கொள்கிறார். 'மெசியாவின் சாவு' என்ற தம் பெருநூலில் (1994) ரேமண்ட் பிரவுன், அடிப்படை நினைவுகள் இருந்தன, மறைநூல் அவற்றைச் சொல்லும் மொழியைத் தந்தது என்றார். சாவுக்கு அனுப்பப்பட்டவரின் உடைமைகளைத் தண்டனையை நிறைவேற்றுவோர் எடுத்துக்கொள்வது உரோமையரிடம் அறியப்பட்ட வழக்கம், ஆகவே அந்நிகழ்ச்சி நம்ப முடியாததன்று. ஆனால் மேலாடைக்கும் உள்ளாடைக்கும் யோவான் வகுக்கும் வேறுபாட்டை இணையடியிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். எல்லா விவரங்களுக்கும் ஒரே விடை பொருந்தாது.

இன்றைய இறையியல்

முன்னறிவிப்பு என்ற சொல்லைவிட முன்னடையாளம் என்ற சொல்லையே இன்று பல இறையியலாளர் விரும்புகின்றனர். சீர்திருத்தவாதி கால்வினிடமே இதன் சாயல் உண்டு: தாவீது தம் துன்பத்தையே பாடினார், அத்துன்பத்தில் கிறிஸ்துவின் சாயல் இருந்தது என்பது அவர் நிலை. டீட்ரிக் பான்ஹோஃபர், பழைய ஏற்பாட்டையே ஒதுக்க முனைந்த நாசி ஆட்சிக்காலத்தில், 1940 இல் 'விவிலியத்தின் மன்றாட்டு நூல்' என்ற சிறுநூலை வெளியிட்டார். திருப்பாடல்கள் கிறிஸ்துவைப் பற்றிய தகவல்கள் அல்ல, யூதராகிய இயேசு உண்மையில் சொல்லி வேண்டிய வேண்டுதல்கள் என்ற பார்வை அதில் உள்ளது. அவ்வாறு கொண்டால், இயேசு பாடலை நிறைவேற்றினார் என்பதற்கு, தமக்கு முன் அதைச் சொல்லி அழுத எல்லாரோடும் சேர்ந்து அவரும் அதைச் சொன்னார் என்று பொருளாகிறது. எபிரேயர் திருமுகம் 2:12, பாடலின் 22 ஆம் வசனத்தைக் கிறிஸ்துவின் வாயில் வைத்து அவர் மனிதரைச் சகோதரர் என்று அழைப்பதாகக் காட்டுவதும் இதற்கு இசைவானதே.

கத்தோலிக்கத் திருச்சபையின் திருத்தந்தை விவிலிய ஆணையம் 2001 இல் யூத மக்களையும் அவர்களது திருநூல்களையும் பற்றிய ஆவணம் ஒன்றை வெளியிட்டது. பழைய ஏற்பாட்டு இறைவாக்குகளை எதிர்கால நிகழ்ச்சிகளை முன்கூட்டியே எடுத்த நிழற்படங்கள் போலக் கருதுவது தவறு என்று அது கூறுகிறது. யூதரின் விவிலிய வாசிப்பும் ஏற்கத்தக்க ஒரு வாசிப்பே என்றும் அது ஒப்புக்கொள்கிறது.

கத்தோலிக்க வழிபாட்டில் திருப்பாடல் 22 குருத்து ஞாயிறன்று பதிலுரைப் பாடலாகப் பாடப்படுகிறது. பெரும்பாலும் அதற்குச் சில வாரங்கள் முன் வரும் பூரிம் விழாவில், எஸ்தரை நினைவுகூரும் யூத சமூகங்கள் பலவும் இதே பாடலை ஓதுகின்றன.